ஒரு முழக் கேபிள்

ஒரு ரேக்கில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரியது வடக்குத் தெருவுக்கும் சின்னது தெற்குத் தெருவுக்கும் இன்டர்நெட் கொடுத்துவந்தன. நடுவே ஒரு முழ நீளத்தில் ஒரு கேபிள். இந்தத் தெருச் சேதியை அந்தத் தெருவுக்குச் சும்மாவே கைமாற்றிவிடும்.

ஒருநாள் பெரிய பெட்டி முறைத்தது. "நான் ஒண்ணு அனுப்பினா நீ பத்து அனுப்புறே. சுமக்கிறது நான். இனிமே காசைக் கொடு."

"அந்தப் பத்தையும் உன் தெரு ஆளுங்கதானே கேட்டு வாங்குறாங்க? தர முடியாது, போ" என்றது சின்னது.

இரண்டும் கேபிள் பக்கத்து வாசலைச் சாத்திக்கொண்டன. கேபிளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாச் சேதியும் கடல் தாண்டி, வேறொரு பெட்டி வழியாகச் சுற்றி வந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டுமே வாய் திறக்காமல் கூலி கொடுத்தன.

ஒரு மத்தியானம் வடக்குத் தெரு மாசிலாமணி, தெற்குத் தெருவிலிருக்கும் மகளுக்கு, "நெஞ்சு வலிக்குதும்மா, வா" என்று அனுப்பினார். கேபிள் பதறியது. "என்கிட்ட குடுங்க, கண்ணிமைக்கிற நேரத்துல சேர்த்துடுறேன்!"

வாசல் திறக்கவில்லை. சேதி கடலுக்கு அப்பால் நெரிசலில் நின்று நின்று, வெகு நேரம் கழித்துத்தான் மகளிடம் வந்து சேர்ந்தது.

"இதோ வந்துட்டேன்ப்பா" என்று மகள் போட்ட பதிலும் கடலைச் சுற்றிக்கொண்டுதான் பெரிய பெட்டிக்கு வந்தது. வந்தபோது, அதைப் படிக்க மாசிலாமணி இல்லை.