தாழிப் பிள்ளையின் சம்மதம்

விமான நிலையத்துக்கு நிலம் எடுக்க, அங்கே புதைந்து கிடப்பவர்களின் சம்மதமும் வேண்டும் என்பது சட்டம். எலும்பை அதற்கென்று செய்த கருவிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். உரியவர் திரையில் எழுந்து வந்து பேசுவார்.

அகழாய்வில் குழி தோண்டும் செங்கமலம் மூன்று வாரமாக இந்தக் கூத்தைப் பார்த்துக் வெறுத்துப்போயிருந்தாள். மேல்மண்ணில் கிடைத்த நாயக்கர் காலத்துக் குயவன் சம்மதம் என்றான். அதற்குக் கீழே கிடைத்த பாண்டியர் காலத்து வணிகனும் சம்மதம் என்றான். அடிமண்ணில், முதுமக்கள் தாழிக்குள் இருந்த பெண் கைகூப்பிச் சம்மதம் சொன்னபோது செங்கமலத்துக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. குழிக்குள் எச்சில் துப்பக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.

இன்று மிச்சமிருந்தது அந்தப் பெண்ணின் மடியில் கிடந்த குழந்தை மட்டும்தான். அதிகாரி தேவசகாயம் அதன் எலும்பைப் பெட்டியில் வைத்தார். திரையில் குழந்தை வீறிட்டு அழுதது.

"பச்சப்புள்ள சார் அது. அதுகிட்டப் போயி என்னத்தக் கேப்பீய?" என்றாள் செங்கமலம்.

"மைனர் சம்மதம் செல்லாதுன்னு எனக்கும் தெரியும்மா," என்றார் அவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "அதான் வயசக் கூட்டுதேன்."

பொத்தானை அழுத்திப் பதினெட்டில் நிறுத்தினார். அழுகை நின்றது. அரும்புமீசையோடு ஒரு பையன் எழுந்து நின்றான்.

பல் முளைக்காத அந்தத் தாடையைக் காலையில்தான் செங்கமலம் மண் துடைத்து உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள். இப்போது அது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, "சம்மதம்" என்றது.