வால் முதல் வாய் வரை

"வீடு உனக்கு. கார் உனக்கு. இவனை மட்டும் எனக்கு விட்டுடு" என்றார் அவர்.

இருவருக்கும் நடுவே, ஆய்வுக்கூட மேஜையில் விரித்த பஞ்சின் மேல் அவன் கிடந்தான். முந்தாநாள்தான் ஒரு பக்க விலாவை வாலிலிருந்து வாய்வரை அறுத்துத் திறந்திருந்தார்கள்.

"இவன் என்ன உங்க பரம்பரைச் சொத்தா சார்?" என்றாள் மனைவி. பிரிந்து போன நாளிலிருந்து அவள் அவரைச் 'சார்' என்றுதான் கூப்பிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

அவனுக்கு வயது நாற்பது கோடி ஆண்டு. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். நேரான கொம்பு போன்ற ஓட்டை வால் நுனியிலிருந்து வாய்ப்பக்கமாக வளர்த்து, அதற்குள் அறை அறையாகத் தடுத்துக் குடியிருந்து, கடலடியில் செத்துக் கல்லாகிப் போனவன்.

இதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். அவனை வர்ணித்து முதலில் அச்சில் ஏற்றுபவரின் பெயர், அவன் பெயருக்குப் பின்னால் காலத்துக்கும் நிற்கும். அந்த இடத்தில் ஒரு பெயரா, இரண்டு பெயரா என்பதுதான் சண்டை.

"கல்குவாரியில கண்டெடுத்தது நான் சார். ரெண்டு துண்டாக் கிடந்ததை, சில்லு போன இடத்துல பிசின் அடைச்சு ஒட்டினதும் நான்."

"ஒட்டுறது கைவேலை. அதுக்கெல்லாம் பேர் போடணும்னா பிசின் வித்தவன் பேரையும் போடணும்."

"கைவேலை இல்லேன்னா உங்க மூளை எதை மெல்லும்?"

"கத்தாதே. இவனுக்கு எங்கம்மா பேரை வெக்கப்போறேன். உன் பேரும் எங்கம்மா பேரும் ஒரே வரியில வந்தா, அந்த வரியே அடிச்சுக்கும்."

"பொருத்தமான பேர்தான் சார். உடம்பெல்லாம் கல்லு, வாய் மட்டும் அகலம்."

அவர் பல்லைக் கடித்தார். ஜெயிக்கப்போகிறவன் பொறுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, லென்ஸை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பாரு. அறைகளைக் கோத்துக்கிட்டு ஒரு குழாய் போகுதா? வால் பக்கம் வயித்தோரமாப் போகுது. பாதியில வந்ததும் சட்டுனு நடுவுக்குத் தாவுது. குட்டியில ஒரு மாதிரி, வளந்ததும் வேற மாதிரி! உலகத்துல எவன் பாத்திருக்கான்? தாவுற இடம் பலவீனம், அதான் அங்கேயே உடைஞ்சிருக்கு. எல்லாம் எப்படிப் பொருந்துது பாத்தியா?"

அவள் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. குடித்தனம் நடத்திய காலம் முழுக்க அவளுடைய மௌனத்தைத் தோல்வி என்றே வாசித்துப் பழகியவர் அவர். இப்போதும் அப்படியே வாசித்தார்.

"ஒட்டின இடத்துலதான் சார்..." என்று அவள் தொடங்கினாள்.

"வாயை மூடு. உன் சந்தேகத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நம்ம குடும்பமே விளங்காமப் போச்சு."

மூடிக்கொண்டாள். மேஜையோரம் இருந்த கட்டுரை வரைவை இழுத்து, முதல் பக்கத்தில் இருந்த தன் பெயரை அடித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, நன்றி சொல்லும் பத்தியிலும் தன் பெயரைத் தேடிப் பிடித்து அடித்தாள்.

"நன்றியில இருந்துட்டுப் போகட்டுமே. அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்ல நான்."

"வேண்டாம் சார். முழுசும் உங்களுக்கே."

ரோஷம், என்று நினைத்துக்கொண்டார்.

கட்டுரை வெளியானது. நிறுவனத்தின் வாசலில் அவன் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. பாராட்டுக் கூட்டத்தில் அவர் குழாய் தாவிய கதையைச் சொல்லச் சொல்ல, அரங்கமே கைதட்டியது. கடைசி வரிசையில் அவளும் தட்டினாள். அது ஒன்றுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் அவர் அறைக்கு வந்தாள். ஒரு கையில் அவன் கிடந்த தட்டு. மறு கையில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"என்ன, பேர் போச்சேன்னு தூக்கம் வரலையா? இப்ப வந்து கெஞ்சினா, அச்சுல ஏறினது இறங்காது."

"இறங்காதுன்னு தெரியும் சார்."

தட்டை மேஜையில் வைத்தாள். வால் தனியாகவும் வாய் தனியாகவும் கிடந்தன. அவர் துள்ளி எழுந்தார்.

"ஏய், யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

"ஒட்டினவளுக்குப் பிரிக்கத் தெரியாதா சார்? உக்காருங்க. குவாரிக்குப் போயிருந்தேன். அதே குழியில இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாத்தேன்."

பொட்டலத்தை அவிழ்த்தாள். கூர்மையான வால் துண்டு ஒன்று. ஒரு பக்கம் அறுத்து வழவழவென்று தேய்த்திருந்தது.

"இதே இனத்துல இன்னொண்ணா?" அவர் குரலில் ஆசை எட்டிப் பார்த்தது. "இதையும் நானே எழுதிடறேன்."

"எழுதுங்க. முதல்ல அந்த வாய்த் துண்டோட சேத்து வெச்சுப் பாருங்க."

சேர்த்தார். உடைந்த விளிம்பும் உடைந்த விளிம்பும் பல்லோடு பல்லாகக் கடித்துக்கொண்டன. பிசினுக்கு வேலையே இல்லை. வாலிலிருந்து வாய்வரை, நட்ட நடுவே, எங்கேயும் தாவாமல் ஒரே கோடாக ஓடியது குழாய்.

அவருடைய வால் பஞ்சின் மேல் அநாதையாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இதுதான் சார் இவனோட வால்" என்றாள் அவள். "அது பக்கத்து வீட்டுக்காரனோடது."