பின்னால் பார்க்கும் இருக்கை

“பாப்பா எத்தனை கிலோங்க்கா?”

அவளுக்குத் தெரியவில்லை.

கடைப்பெண்ணின் கையில் ஓர் அட்டை இருந்தது. ஒவ்வோர் எடைக்கும் நேரே ஒரு கார் இருக்கையின் படம். ஒன்பது. பதின்மூன்று. பதினெட்டு. எந்த வரியில் விரலை வைப்பது என்று அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டே கால் வயசு.”

“வயசு வேண்டாங்க்கா, எடை சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

இல்லத்தில் கொடுத்த கோப்பில் ஒன்பதரை என்று எழுதியிருந்தது. அது நான்கு மாதத்துக்கு முந்தைய எடை. நான்கு மாதத்தில் ஒரு குழந்தை எவ்வளவு கூடும்? அதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் கையெழுத்து. தத்துக் கொடுக்கும் இல்லத்திலிருந்து கோயம்புத்தூர் வீட்டுக்கு மூன்று மணி நேரம். குழந்தை யமுனா, அம்மா அப்பாவோடு போகும் முதல் பயணம்.

யமுனா, இல்லத்தில் வைத்த பெயர். அதை மாற்றுவதா வேண்டாமா என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை.

கடைப்பெண் இரண்டு இருக்கைகளைத் தரையில் வைத்தாள்.

“பின்னாடி பாத்து உக்கார்றதுதானுங்க்கா சேஃப்டி. சடன் பிரேக் அடிச்சாலும் கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஒன்பது தாண்டிட்டா முன்னாடி பாக்கறதும் போடலாம். ஆனா எங்கக்கா பையனுக்குன்னா நான் பின்னாடிதான் போடுவேன்.”

அவள் பின்னால் பார்க்கும் இருக்கையின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அது பார்க்கும் பக்கமாகத் தானும் பார்த்தாள்.

காரின் பின்கண்ணாடி தெரியும்.

கண்ணாடியில் இல்லத்தின் பச்சைக் கேட். கேட்டில் யமுனாவை வளர்த்த ஆயா. வண்டி நகர நகர ஆயா சின்னதாகிக்கொண்டே போவாள். புள்ளியாகும்வரை குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும்.

இது என்ன பாதுகாப்பு?

மற்ற இருக்கைப் பக்கம் திரும்பினாள்.

அதில் உட்கார்ந்தால் இரண்டு தலைகள் தெரியும். முகமில்லாத இரண்டு பின்தலைகள். யாரோ இரண்டு பேர் எங்கேயோ கொண்டுபோகிறார்கள்.

இது மட்டும் என்ன?

அவள் கணவன் சிவராசு நான்காவது தடவையாக மணி பார்த்தான்.

“இதுக்குப் போயி இத்தனை ரோசனையா? மடியில வெச்சுக்கோ. நான் மாட்டு வண்டி மாதிரி ஓட்டிட்டு வாரேன்.”

“குறுக்க நாய் வந்தா?”

அவன் ஐந்தாவது தடவையாக மணி பார்த்தான்.

“இதா, வந்துர்றேன்,” என்று வெளியே போனாள்.

பக்கத்தில் அரிசி மண்டி. வாசலில் சின்னப் பைகளை அடுக்கியிருந்தார்கள். ஐந்து கிலோ. பத்துக் கிலோ.

அந்தக் குழந்தையை ஒரே ஒரு முறைதான் தூக்கியிருக்கிறாள். போன மாதம், பார்வையாளர் அறையில், கால் மணி நேரம். தலைக்குத் தெரியாவிட்டால் என்ன, கைக்கு ஞாபகம் இருக்கும்.

ஐந்து கிலோவை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

இல்லை.

மண்டிக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, அரிசிய மோந்து பாப்பாங்க, கடிச்சுப் பாப்பாங்க. நீங்க என்னமோ தாலாட்டறீங்க?”

அவள் பத்துக் கிலோவைத் தூக்கித் தோளில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

அதேதான். அதே கனம்.

ஒரு மூச்சு விடும் நேரம் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

தங்கையின் பிள்ளைகளை எத்தனை தடவை தூக்கியிருக்கிறாள். அவை கழுத்தைக் கட்டிக்கொள்ளும். காலால் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். பாதிப் பாரத்தை அவையே சுமந்துகொள்ளும். யமுனா அப்படி ஒன்றும் செய்யவில்லை. அழவில்லை, உதறவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, தூக்குகிறவர்கள் தூக்கிக்கொள்ளட்டும் என்று கிடந்தாள்.

மூட்டை மாதிரி.

அப்படியானால் உண்மையில் ஒன்பதரையா, பத்தா? கை ஞாபகம் வைத்திருப்பது எடையைத்தானா?

அரிசியை இறக்கி வைக்க மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டாள்.

“பத்து,” என்றாள் கடைக்குள் வந்து.

கடைப்பெண் அரிசிப் பையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையில் விரலை வைத்தாள். நல்ல பெண்.

அவள் கைகாட்டிய, பின்னால் பார்க்கும் இருக்கையைக் காரின் பின் சீட்டில் பொருத்தினார்கள். பையை அதில் உட்காரவைத்தார்கள். கடைப்பெண்ணே வாரை இழுத்து மாட்டினாள். இடையில் ஒரு விரல்தான் நுழையவேண்டும் என்று நுழைத்துக் காட்டினாள்.

சிவராசு அவளுக்காக முன்கதவைத் திறந்து வைத்திருந்தான்.

அவள் பின்னால் ஏறி, பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முன்னாடி வரலியா?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. கடைப்பெண் படியில் நின்று கையை ஆட்டினாள்.

“டாட்டா பாப்பா!”

அவள் உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு கை அரிசிப் பைமேல் இருந்தது. மண்டி சின்னதானது. கடையின் போர்டு சின்னதானது. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. பை அசையவில்லை.

சிவராசு ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

“மெதுவாப் போங்க,” என்றாள். “அந்தப் பொண்ணு இன்னும் தெரியுது.”