கெட்டுப்போன கீபோர்டு

அழகேசன் கீபோர்டை மேசைமேல் போட்ட வேகத்தில் பேனா டப்பா சாய்ந்து விழுந்தது.

"நேத்து வாங்குன சாமான், இன்னிக்குச் செத்துக் கெடக்கு. இதுக்கு என்னம்மா பதிலு?"

கோல சிலாங்கூரில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கும் சந்திரிகா நிமிர்ந்து பார்த்தாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அழகேசனுக்கு அதுதான் வேண்டும். ஆள் பார்க்கக் கேட்டால்தான் கேட்டது கிடைக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லோரியில் ஏறி இறங்கி, இன்று சொந்தமாகக் குலை வாங்கி விற்கிறவர். வாயை மூலதனமாகப் போட்டு மேலே வந்த மனுசன்.

பின்னால் மாப்பிள்ளை சரண் நின்றான். மகள் தனுஜாவைக் கட்டி இன்னும் மஞ்சள் காயவில்லை. ரவாங்கில் ஆபீஸ் வேலை. அதிர்ந்து பேசமாட்டான். மாமனார் காரியம் சாதிக்கிற அழகைப் பார்க்கட்டும் என்றுதான் கூட்டி வந்திருந்தார்.

அழகேசனின் கம்ப்யூட்டர் பழசு, புது விண்டோஸ் அதில் ஏறாது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் சந்திரிகா. இதை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்றாள். கூடவே ஒரு கீபோர்டும் விற்றாள். ஓசி என்றதும் தலையாட்டியவர், வீட்டுக்குப் போனதும் தானமாய் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்டேட் செய்ய, அவள் சொல்லித் தந்தபடி திரையில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு வரி அடித்தார். எழுத்து வந்தது. அடுத்து அது பாஸ்வேர்டு கேட்டது. அங்கேதான் கீபோர்டு செத்தது. குத்திக் குத்திப் பார்த்தும் திரையில் ஒன்றும் விழவில்லை.

"பேங்க் மெஷின்ல கூட அமுக்குனா புள்ளியாவது வருது. இதுல அதுவும் இல்ல."

"மாமா, ஒருவேளை அது…" என்று சரண் மெல்ல இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க மாப்ளே. ஆபீஸ்ல பேசாம உக்காந்தா சம்பளம் வரும். கடையில வாய் இருந்தாத்தான் சாமான் வரும்."

யாரோ சிரித்தார்கள். சரண் ஓரடி பின்வாங்கினான்.

சந்திரிகா கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். "அண்ணே, இதுல ஒரு கோளாறும் இல்ல. பாஸ்வேர்டு அடிக்கும்போது…" என்று ஆரம்பித்தவள், அவர் தோளுக்கு மேலே பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். குரல் இறங்கியது.

"மன்னிச்சிருங்க அண்ணே. பீசுதான் சரியில்ல. என் தப்பு."

புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இது வேறு மாடல், பாஸ்வேர்டு அடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் பார்த்துவிடாதபடி திரையில் ஒன்றுமே காட்டாது. அடித்து முடித்து எண்டரைத் தட்டுங்கள் என்றாள். வீட்டில் அப்படியே செய்தார். வேலை செய்தது.

அதன் பிறகு அவர் வாயைப் பிடிக்க ஆளில்லை. சபாக்கில் சாலையோர ஒட்டுக்கடையில் தேத்தண்ணி ஆறிப்போகும் வரை இந்தக் கதைதான். "அவ கடைச் சாமான் பாதி குப்பை லா. நான் போட்ட போடுல கைய கூப்பி மாத்திக் குடுத்தா." கோயில் மண்டபத்தில் பிள்ளைகளின் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்க அவளிடம் பேசி வைத்திருந்த கோயில் தலைவர், அதைக் கேட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த சரண் கிளாசைப் பார்த்துக்கொண்டே குடித்தான். வாயில்லாத பிள்ளை, என் மகள் எப்படித்தான் குப்பை கொட்டப் போகிறாளோ என்று அழகேசன் நினைத்துக்கொண்டார்.

ஒரு காலையில் கைதவறித் தேத்தண்ணி அந்தப் புது மாடலின்மேல் கொட்டியது. அது நிஜமாகவே செத்தது. ஸ்டோரில் தூசியோடு கிடந்த பழைய கீபோர்டு ஒன்றை எடுத்துச் சொருகினார். கறுப்புப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். ஒன்றும் தெரியவில்லை. பழகிய விரல் எண்டரைத் தட்டியது.

வேலை செய்தது.

அழகேசன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழசிலும் தெரியவில்லை, புதுசிலும் தெரியவில்லை. அப்படியென்றால் எதிலுமே தெரியாது. லினக்ஸின் வழக்கமே அதுதான். அன்றைக்கு அவர் மேசைமேல் எறிந்தது நல்ல கீபோர்டு.

காது மடல் சுட்டது.

வேண்டுமென்றே கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனார். போட்ட சத்தத்தை அதே இடத்தில் திருப்பி எடுக்க வேண்டும். அன்று கீபோர்டைப் போட்ட அதே மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, கீபோர்டு கெடல. எனக்குத்தான் தெரியல. தலைவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். நீ பெரிய மனசோட பழிய உன் தலையில போட்டுக்கிட்ட." நாலு பேர் பார்க்கவே கையெடுத்துக் கும்பிட்டார்.

சந்திரிகா பதறி எழுந்தாள்.

"என்னைக் கும்பிடாதீங்க அண்ணே. எனக்கு அன்னைக்கு வந்த கோவத்துக்கு எல்லார் முன்னாலயும் உண்மையப் போட்டு உடைக்கத்தான் வாயத் தெறந்தேன்."

"அப்புறம் ஏன்மா நிறுத்துன?"

அவள் கடையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க முதுகுக்குப் பின்னால நின்ன மாப்பிள்ளை, சொல்லிடாதீங்கன்னு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு அண்ணே."