சீல் உடைக்காத தண்ணீர்

போதகர். சபைச் செயலாளர் யேசுரத்தினம். அவர் மனைவி கனகபாய். பெண்கள் சங்கத்திலிருந்து எட்டுப் பேர். கிட்டாரோடு வந்த வாலிபர் இருவர். ஆகப் பதின்மூன்று பேர் வெளியிலிருந்து வந்தவர்கள்.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஜெயபாய், கட்டிலில் அவள் கணவர் ஜாஸ்பர்.

ஜாஸ்பர் கோயில் பாடகர் குழுவில் பாடியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. கோயிலுக்குத் தூக்கிப் போக ஆளில்லை. புதன்கிழமை வீட்டு ஜெபம் முறை வைத்து ஒவ்வொரு வீடாகப் போகும். இந்த வீட்டுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் வரும். அன்றைக்குத்தான் அவர் காதில் பாட்டு விழும்.

அன்று எல்லாப் பாட்டையும் கோணிய வாயால் கூடவே பாடினார். போதகர் விருந்தோம்பலைப் பற்றிப் பேசினார். ஆபிரகாம் வழிப்போக்கர் மூன்று பேருக்கு அப்பம் சுடச் சொன்ன கதை. ஜெபம் முடிந்தது.

ஜெயபாய் ஒரு பெரிய தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். பிஸ்கட் பாக்கெட் இருபது. பக்கத்தில் அட்டைப் பெட்டியோடு சின்னத் தண்ணீர் பாட்டில்கள்.

கனகபாய் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி ஜெயபாய், சாயா போடல்லியா?"

"இல்லக்கா. பாட்டில்ல தண்ணி இருக்கு. சீல் உடைக்காதது."

"இது என்ன வடசேரி பஸ் ஸ்டாண்டா, பாட்டில் தண்ணி குடிக்கதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பாக்கெட்டைப் பிரித்தார்கள். பிரிக்காத சிலது பேரப்பிள்ளைகளுக்கு என்று கைப்பைக்குள் போனது. தட்டு காலி.

"எங்க வீட்டுல கூட்டம் வச்சப்போ முந்திரிக்கொத்து, ஏத்தங்கா பஜ்ஜி, சுக்குக் காப்பி," என்றாள் கனகபாய். "ராத்திரியெல்லாம் இருந்து செஞ்சேன். இவளுக்கு என்ன குறை? கெவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நிரந்தர வேலை. மக மஸ்கட்ல நர்சு. அடுப்பு பத்த வைக்கதுக்கு மடி."

ஜெயபாய் காலித் தட்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டிய அறிவிப்புத் தாளை எடுத்தார். வீட்டு ஜெபம் முடிந்ததும் அதை ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"வாலிபர் சங்கம் சனிக்கிழமை முட்டம் போகுது. சோறு அவங்கவங்க கொண்டு வரணும். டைட்டஸ் மகளுக்குக் கல்யாண அறிவிப்பு, ரெண்டாம் தடவை. கோயில்ல ஒரு கறுப்புக் குடை கெடக்கு, ஒரு கம்பி ஒடிஞ்சது. உள்ளவங்க எடுக்கலாம்."

"கம்பி ஒடிஞ்ச குடைக்கு எவன் வருவான்?" என்றான் கிட்டார்க்காரன்.

"அடுத்த மாச முதல் புதன், வீட்டு ஜெபம்..." யேசுரத்தினம் நிறுத்தினார்.

அந்த இடத்தில் ஜாஸ்பர் வீடு என்று எழுதியிருந்தது. மாதம் ஒரு தடவை இங்கே வைக்க வேண்டும் என்று ஜெயபாய் நாலு ஞாயிறு அவர் பின்னால் நடந்து கேட்டிருந்தாள். சரி என்றுதான் எழுதியிருந்தார்.

கனகபாய் அவரைப் பார்த்தாள். "வெட்டுங்க அதை. வாற ஆளுக்கு ஒரு வாய் சாயா இல்லாத வீட்டுல மாசாமாசம் கூட்டமா?"

யேசுரத்தினம் போதகரைப் பார்த்தார். போதகர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பேனா அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டது.

"செயலாளரே," கட்டிலிலிருந்து ஜாஸ்பரின் குரல் குழறி வந்தது. "இங்க... வையுங்க. பாட்டு மட்டும் போதும்."

"அதுக்கில்ல ஜாஸ்பர், சபைக்குன்னு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரங்க கையால ஒண்ணு வாங்கித் தின்னாத்தான் ஐக்கியம்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றாள் கனகபாய். "நாங்க என்ன விருந்தா கேட்டோம்? உனக்க கையால எதையாவது செஞ்சு தந்தா நாங்க திங்க மாட்டோமாட்டி?"

ஜெயபாய் தட்டைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் இங்க கூட்டம் வந்தது நெனவிருக்காக்கா?"

"இருக்கு."

"பலாச்சக்கை எலையப்பம் அவிச்சேன். சாயாவும் போட்டேன். சுகர் உண்டுன்னு சொன்னிய. சங்கத்துல உள்ளவிய உபவாசம்னு சொன்னாவ. போதகரையா வயிறு சரியில்லன்னு சொன்னாரு. நானும் நம்பினேன். வாசல்ல செருப்பு போடும்போ நீங்க பேசினது உள்ள கேட்டுது."

கனகபாய் பாட்டிலை மடியில் வைத்தாள். "நான் என்னட்டி பேசினேன்?"

"பொணம் குளிப்பாட்டுற கையின்னு."

ஜெயபாய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"உள்ளதுதான். பத்தொம்பது வருசமா பிணவறையிலதான் வேலை. உங்க அம்மைய அங்க இருந்து குளிப்பாட்டி, சேலை உடுத்தி, தலை சீவித் தந்தது நான்தான். அன்னைக்கு இந்தக் கையைப் பிடிச்சு முத்தம் தந்திய. அதனாலதான் இந்தத் தடவை எனக்க கை படாம, கடையில சீல் வச்சதாப் பாத்து வாங்கினேன்."

யேசுரத்தினம் தாளை மடித்தார். "அப்பத்தை ஆராவது தின்னிருப்பாவ, ஜெயபாய். மொத்தமாச் சொல்லாதே."

"நாப்பது அவிச்சேன் செயலாளரே. ஒண்ணு இவரு தின்னாரு. மிச்சம் முப்பத்தொம்பது."