வடித்து வைத்த பாஸ்தா

“நான் இங்கயே இருந்துட்டா தெனம் பாஸ்தா செஞ்சித் தருவியாடி?” மாமா அடித்ததால் புருஷன் வீட்டிலிருந்து பையோடு வந்து நின்ற அன்று அர்ச்சனா அக்கா என்னைக் கேட்டாள். சரியென்று தலையாட்டினேன். மைதாவில் செய்தது குழைந்துவிடும் என்று அவள் சொன்னதால், பாகூர் கடையில் ரவை பாஸ்தாவாகத் தேடி வாங்கி, வண்டு வராமலிருக்க வேப்பிலையோடு தூக்குவாளியில் போட்டு வைத்தேன். இப்போது அதை முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டுக் கழுவத் தண்ணீர் மொள்கிறேன். “அரிசியாடி இது, கழுவுறதுக்கு? கூழாயிடும்டி லூசு!” அக்கா சிரிக்கிறாள். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. கொதிக்கும் தண்ணீரில் அவளே கல்லுப்பு போடுகிறாள். சின்னச் சங்குகள் போன்ற பாஸ்தா புரண்டு புரண்டு வெளுக்கிறது. கஞ்சி வடிப்பதுபோல் தட்டால் மூடிப் பானையைச் சாய்க்கிறாள். முந்தானை விலகி, கையில் கன்றிப்போன இடத்தில் ஜன்னல் வெயில் விழுகிறது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது. தெருவில் பைக் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. “மாப்ள வந்துட்டாரு, கெளம்பும்மா. சின்னவளையும் ஒருத்தன் கையில குடுக்கணும். ஊரு இன்னா பேசும்?” அப்பா அடுப்பங்கரைக்கு வெளியிலிருந்து சொல்கிறார். “அக்கா இன்னும் துன்னலப்பா” என்கிறேன். “அங்க போயித் துன்னட்டும்.” அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைக்கிறாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஹாரன் விடாமல் அடிக்கிறது. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு, அப்பாவையும் என்னையும் பார்க்காமல் படியிறங்கிப் போகிறாள்.