கோம்பை நாயின் பட்டை

செங்கமலத்துக்கு உன் மதினி மங்கை எழுதுவது. பிள்ளைக்குக் காது குத்த இங்கே வந்தால் எங்கள் கோம்பை நாய் கடித்துவிடுமோ என்று கேட்டிருந்தாய்.

முதலில் நாயைப் பற்றி. இப்போது எல்லா நாய்க்கும் விளக்கு வைத்த கழுத்துப் பட்டை மாட்டுகிறார்கள்; கடிக்கிற புத்தி உள்ளே இருந்தால் அது சிவப்பாக எரியும், இல்லாவிட்டால் பச்சை. எதிர்வீட்டு லாப்ரடாரைச் சாது என்று தெருவே கொஞ்சியது. சிவப்பு எரிந்த மறுநாளே தபால்காரர் தொடையைக் கவ்விவிட்டது. எங்கள் கருவாயனுக்குக் கோம்பை என்ற கெட்ட பேர்தான். அதன் பட்டையில் பச்சை மாறியதே இல்லை.

அடுத்து, போன ஞாயிறு நடந்தது. நாயைக் குளிப்பாட்டும்போது உன் அண்ணன் அந்தப் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஏ புள்ள, மறுபடி மாலை மாத்திக்குவமா?" என்று சிரித்தார். சிவப்பு எரிந்தது.

"அட, கெட்டுப்போச்சு போல" என்று கழற்றி எனக்குப் போட்டார். பச்சை. நாய்க்கும் பச்சை. திரும்ப அவர் போட்டார். சிவப்பு.

அதற்கப்புறம் அவர் ஒரு சத்தம் போட்டதில்லை. முன்னைவிடத் தணிந்துதான் பேசுகிறார். கருவாயன்தான் அவர் வைக்கிற சோற்றைத் தொடுவதில்லை.

காது குத்தை உங்கள் ஊரிலேயே, சின்னண்ணன் மடியில் வைத்து முடித்துவிடு. யாராவது கேட்டால் நாய்க்குப் பயந்து வரவில்லை என்று சொல்.

உன் அண்ணன் புதுவேட்டி கட்டி முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தலையணையை வைத்து, "மாமன் புடிச்சா திமிற முடியுமாடா?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.